வாந்தி எடுக்கும் நாய்க்கு எதை முதலில் எடுப்பது: எக்ஸ்ரேயா, ஸ்கேனா, பேரியமா, சி.டி.யா?

இரண்டு நாளாக வாந்தி. சாப்பாட்டைத் தொடவில்லை. வயிற்றில் கை வைத்தால் இறுக்கிக்கொள்கிறது. வீட்டில் ஒரு சாக்ஸோ குழந்தையின் பந்தோ காணாமல் போயிருக்கலாம். இப்படி ஒரு நாய் வந்தால் மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: குடலில் அடைப்பு இருக்கிறதா, இன்றைக்கே வயிற்றைத் திறந்தாக வேண்டுமா? (தடுப்பூசி முடியாத குட்டி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான பரிசோதனை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்.)

இதற்கு நான்கு வழிகள் உண்டு. சாதாரண எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு ஸ்கேன், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் திரவத்தைக் கொடுத்து எடுக்கும் தொடர் எக்ஸ்ரே, உடலைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சி.டி. எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எக்ஸ்ரேயில் தொடங்குங்கள்; அதை மூன்று நிலைகளில் எடுங்கள்; சந்தேகம் தீராவிட்டால் ஸ்கேனுக்குப் போங்கள்; பேரியத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எந்த இயந்திரம் கையில் இருக்கிறது என்பதைவிட, நாயை எந்தப் பக்கம் படுக்க வைத்தோம் என்பதே பல நோயாளிகளில் முடிவை மாற்றுகிறது.

எக்ஸ்ரே: மூன்றாவது படத்தை விடாதீர்கள்

பெரும்பாலான கிளினிக்குகளில் பழக்கம் இரண்டு படங்கள்: வலது பக்கம் கீழே இருக்க ஒருக்களித்து ஒன்று, மல்லாக்க வைத்து ஒன்று. இடது பக்கம் கீழே வைத்து எடுக்கும் படத்தை நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அடைப்பைத் தேடும்போது விடக்கூடாத படம் அதுதான்.

காரணம் இரைப்பையின் அமைப்பு. நாய்க்கு இரைப்பையின் பெருத்த மேற்பகுதியான ஃபண்டஸ் இடதுபுறம், முதுகை ஒட்டி இருக்கிறது. சிறுகுடலுக்குத் திறக்கும் பைலோரஸ் முனை வலதுபுறம், வயிற்றுச் சுவரை ஒட்டி இருக்கிறது. இரைப்பைக்குள் எப்போதும் கொஞ்சம் காற்றும் கொஞ்சம் திரவமும் உண்டு. காற்று மேலே போகும், திரவம் கீழே இறங்கும். வலது பக்கம் கீழே படுத்தால் திரவம் பைலோரஸில் தேங்கும், காற்று ஃபண்டஸுக்கு ஏறும். திரவம் நிறைந்த பைலோரஸ் படத்தில் வழவழப்பான உருண்டையாகத் தெரியும். பந்து என்று நினைத்து வயிற்றைத் திறந்தால் உள்ளே எதுவும் இருக்காது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: நிஜமான ரப்பர் பந்து அதே இடத்தில் திரவத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும்.

நாயைத் திருப்பி இடது பக்கம் கீழே படுக்க வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் காற்று பைலோரஸுக்கும் முன்சிறுகுடலுக்கும் ஏறிவிடும். முந்தைய படத்தில் பார்த்த உருண்டை காணாமல் போய் அந்த இடம் கறுத்திருந்தால் அது வெறும் திரவம். அங்கேயே, இப்போது சுற்றிலும் காற்றின் கறுப்பு விளிம்போடு நின்றால், அது பொருள். மருந்து கிடையாது, கூடுதல் செலவு ஒரு எக்ஸ்போஷர் (ஒருமுறை கதிர் செலுத்துவது) மட்டும்.

மாங்கொட்டை இதற்கு நல்ல உதாரணம். சித்திரை, வைகாசியில் வாந்தியோடு வரும் நாய்களில் இதை நினைவில் வைத்தாக வேண்டும். எலும்பைப் போலவோ கல்லைப் போலவோ அது வெள்ளையாகத் தெரியாது. திசுவின் அதே சாம்பல் நிறம்தான். வலதுபக்கப் படத்தில் இரைப்பைத் திரவத்தில் கரைந்ததுபோல் மறைந்துவிடும். இடதுபக்கப் படத்தில் காற்று சூழ்ந்ததும் தட்டையான முட்டை வடிவ ஓரம் தெளிவாக வரும். நார்களுக்கிடையே சிக்கிய காற்று சில சமயம் மெல்லிய கருங்கோடுகளாகத் தெரியும். சோளக்கதிரின் தக்கையிலும் இப்படித்தான், வரிசையான சிறு கரும்புள்ளிகளைத் தேட வேண்டும்.

படம் எடுக்கும் முறை

மயக்கத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். திமிறும் நாய் காற்றை விழுங்கும். அந்தக் காற்று இரைப்பையையும் சிறுகுடலையும் ஊத வைத்து, இல்லாத அடைப்பைக் காட்டும். நாய் ஒத்துழைக்காவிட்டால் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மி.கி. பியூட்டர்ஃபனால் கொடுத்து, விளக்கை மங்கலாக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். வாந்தி நோயாளிக்கு சைலசின் என்ற மயக்க மருந்து வேண்டாம். அதுவே வாந்தியைத் தூண்டும், குடல் அசைவை நிறுத்தும், இரைப்பையில் காற்றை நிறைக்கும். பிறகு எடுக்கும் படத்தில் எது நோய், எது மருந்து என்று பிரிக்க முடியாது.

ஒருக்களித்த படத்துக்கு முன்கால்களை முன்னோக்கியும் பின்கால்களைப் பின்னோக்கியும் இழுத்துக் கட்டுங்கள். தொடை எலும்பு வயிற்றின் மேல் விழக்கூடாது. ஆனால் அளவுக்கு மீறி இழுத்தால் தோல் மடிப்பும் வயிற்றுத் தசையும் குடல்களை ஒன்றாக நெருக்கிவிடும். மார்பெலும்பு மேசைப் பக்கம் சரியும். அதன் கீழே ஸ்பாஞ்சு ஆப்பு வைத்து, முதுகெலும்பும் மார்பெலும்பும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி தூக்குங்கள். முழங்கால்களுக்கு நடுவிலும் ஒரு ஸ்பாஞ்சு வையுங்கள். இல்லாவிட்டால் இடுப்பு திரும்பிக்கொள்ளும். மல்லாக்கப் படத்துக்கு வி வடிவத் தொட்டில் இருந்தால் வேலை பாதியாகும். தொட்டிலின் விளிம்பு வயிற்றின் நடுவில் விழாமல், மார்புக்கூடு முழுதும் தொட்டிலுக்குள் அமரும்படி பாருங்கள்.

கதிர் விழும் பகுதியைக் காட்டும் ஒளிவட்டத்தின் முன் எல்லை, மார்பெலும்பின் வால்முனைக்கு மூன்று விரல் முன்னால். பின் எல்லை, தொடை எலும்பின் மேல் முடிச்சு. உதரவிதானம் முழுதும் படத்தில் வர வேண்டும். நாய் மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நொடியில் அழுத்துங்கள். அப்போதுதான் உதரவிதானம் முன்னால் நகர்ந்து குடல்களுக்கு இடம் கிடைக்கும். மார்புப் படத்துக்கு மூச்சை உள்ளே இழுத்த நொடி, வயிற்றுக்கு வெளியே விட்ட நொடி. இதைப் பலரும் மாற்றிச் செய்கிறார்கள்.

தடிமனை வயிற்றின் பெருத்த இடத்தில், கல்லீரல் மட்டத்தில் அளந்துகொள்ளுங்கள். கிளினிக்கில் எக்ஸ்போஷர் அட்டவணை இல்லையென்றால், சென்டிமீட்டர் அளவை இரண்டால் பெருக்கி 40 கூட்டினால் தொடக்கத்துக்கு ஒரு கேவி (கதிரின் வலிமையைக் குறிக்கும் கிலோவோல்ட் அளவு) கிடைக்கும்: 15 செ.மீ. வயிற்றுக்கு 70 கேவி. 10 செ.மீ.க்கு மேல் தடிமன் என்றால் சிதறிய கதிர்களை வடிகட்டும் கிரிட் தகட்டைப் போடுங்கள்; போடாவிட்டால் சிதறிய கதிர்கள் படத்தைப் புகை மூட்டமாக்கிவிடும். சிறிய போர்ட்டபிள் இயந்திரங்களில் எக்ஸ்போஷர் நேரம் நீளும். மூச்சிரைக்கும் நாயில் குடல் ஓரங்கள் கலங்கிப் போவது அதனால்தான். முடிந்தால் 0.05 விநாடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வந்ததும் முதலில் நோயைத் தேடாதீர்கள். நாய் நேராகப் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருக்களித்த படத்தில் இரு பக்க விலா எலும்புத் தலைகளும், இடுப்பு முள்ளெலும்புகளின் பக்கக் கிளைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். மல்லாக்கப் படத்தில் மார்பெலும்பு முதுகெலும்பின் மேல் மறைய வேண்டும். எல் (இடது), ஆர் (வலது) மார்க்கர் இல்லாத படத்துக்கு இந்த நோயில் மதிப்பே கிடையாது. எந்தப் பக்கம் கீழே என்று தெரியாமல் காற்றையும் திரவத்தையும் எப்படிப் படிப்பது?

கையால் பிடிப்பது பற்றி ஒரு வார்த்தை. 0.5 மி.மீ. ஈய ஏப்ரனும் கையுறையும் சிதறும் கதிரிலிருந்துதான் காக்கும், நேர்க்கதிரிலிருந்து அல்ல. கையுறை போட்ட கை ஒளிவட்டத்துக்குள் தெரிந்தால் அந்தக் கை கதிரை வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். மணல் பை, கட்டுத்துணி, ஸ்பாஞ்சு, தேவையான மயக்கம் இவற்றை வைத்துப் படுக்க வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குப் போனால் வாங்கும் கதிர் நான்கில் ஒரு பங்காகிறது. கர்ப்பிணிகளும் 18 வயது ஆகாதவர்களும் அறையில் இருக்கக்கூடாது, நாயின் உரிமையாளராக இருந்தாலும். நாள் முழுக்க அந்த அறையில் நிற்கும் உதவியாளருக்கு வாங்கும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் கட்டாயம்.

படத்தைப் படிப்பது

சிறுகுடலின் மிக விரிந்த வளையத்தை அளந்து, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு உடலின் மிகக் குறுகிய இடத்து உயரத்தோடு ஒப்பிடுங்கள். 1.6 மடங்குக்குள் இருந்தால் நாய்க்கு இயல்பு. இரண்டு மடங்கைத் தாண்டினால் அடைப்புச் சந்தேகம் வலுக்கும். பூனைக்குக் கணக்கு எளிது: சிறுகுடல் 12 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஓர் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். எல்லாக் குடலும் ஒரே அளவில் லேசாக விரிந்திருந்தால் அது பெரும்பாலும் குடல் அழற்சி. சில வளையங்கள் பெருத்தும் மற்றவை சுருங்கியும், இரண்டு விதக் குடல் ஒரே வயிற்றில் இருப்பதுபோல் தெரிந்தால் அதுதான் அடைப்பின் முகம்.

நூல், கயிறு, புடவைக் கிழிசல் போன்ற நீளமான பொருட்களில் குடல் பெருக்காமலும் போகலாம். மாறாக, வயிற்றின் ஒரு பக்கமாகக் கொத்தாகச் சுருண்டு, நடுவில் கமா வடிவிலும் கண்ணீர்த்துளி வடிவிலும் சிறு காற்றுக் குமிழிகள் சிதறிக் கிடக்கும். பூனையாக இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே வாயைத் திறந்து, தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் நாக்கைத் தூக்கி அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். நூல் அங்கே மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கும். தெரிகிறதே என்று இழுத்துவிடாதீர்கள். உள்ளே நூல் குடலை அறுத்துவிடும்.

எலும்பு தின்ற நாய்க்கு மார்பையும் ஒரு படம் எடுங்கள். உரிமையாளர் வாந்தி என்று சொல்வது, விழுங்கியது அப்படியே வெளியே வரும் எதுக்களிப்பாக இருக்கலாம். எலும்பு உணவுக்குழாயில் மூன்று இடங்களில் சிக்கும்: மார்புக்கூட்டின் நுழைவாயில், இதயத்தின் மேல், உதரவிதானத்துக்குச் சற்று முன். வயிற்றுப் படத்தில் இவை பெரும்பாலும் வராது.

வயிறு உப்பி வந்தால் வரிசை மாறும்

கிரேட் டேன், டாபர்மேன், ராஜபாளையம் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய் திடீரென்று வயிறு உப்பி, எதுவும் வெளியே வராமல் உமட்டிக்கொண்டு வந்தால் மேலே சொன்ன வரிசையை விட்டுவிடுங்கள். இது இரைப்பை முறுக்கு என்ற சந்தேகம். வலது பக்கம் கீழே வைத்து ஒரே ஒரு படம் போதும். முறுக்கிக்கொண்டிருந்தால் காற்று நிறைந்த பைலோரஸ் மேலேயும் முன்னாலும் ஏறி, ஃபண்டஸிலிருந்து ஒரு திசுப் பட்டையால் பிரிந்து, இரண்டு அறைகளாகத் தெரியும். இந்த நாயை மல்லாக்கப் போடவே கூடாது. உப்பிய இரைப்பை பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தை நிறுத்திவிடும். அதிர்ச்சி நிலையில் இருந்தால் படத்துக்கும் முன்பு சிரை வழித் திரவமும் காற்றை இறக்குவதும்தான்.

ஸ்கேன்: எக்ஸ்ரே தயங்கும் இடம்

வாந்தி எடுத்த 82 நாய்களில் எக்ஸ்ரேயையும் அல்ட்ராசவுண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. அடைப்பு உண்டு அல்லது இல்லை என்று உறுதியாகச் சொல்ல எக்ஸ்ரேயால் சுமார் 70 சதவீத நாய்களில் முடிந்தது, ஸ்கேனால் 97 சதவீதத்தில். அப்படியானால் ஸ்கேனையே முதலில் செய்துவிடலாமே என்று கேட்கலாம். அந்த எண் பயிற்சி பெற்றவரின் கையில் கிடைத்தது. புதிதாக ப்ரோப் (ஸ்கேன் இயந்திரத்தின் கைப்பிடித் தலை) பிடிப்பவர் அதை எதிர்பார்க்கக் கூடாது. முழு வயிறும் காற்றாக இருக்கும் நாயில் அனுபவசாலிக்கும் வழி அடைபடும். உணவுக்குழாய் எலும்பும் முறுக்கிய இரைப்பையும் எக்ஸ்ரேயில் ஒரே பார்வையில் தெரிபவை. ஆகவே எக்ஸ்ரே பத்தில் ஏழு பேருக்குப் பதில் சொல்லட்டும், மிச்சத்துக்கு ஸ்கேன்.

மார்பெலும்பின் முனையிலிருந்து இடுப்பெலும்பு வரை முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள். முடியை மழிக்காமல் ஜெல்லைக் கொட்டினால் முடிக்கிடையில் சிக்கும் காற்று ஒலியைத் தடுக்கும். பத்து கிலோவுக்குக் குறைந்த நாய்க்கும் பூனைக்கும் 7.5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் லீனியர் ப்ரோப். பெரிய நாய்க்கு 5 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோகான்வெக்ஸ். முன்சிறுகுடலை வலப்புறம் 10 முதல் 12-ஆம் விலா இடைவெளியில் பிடித்து, அங்கிருந்து குடலைத் தொடர்ந்து போக வேண்டும். வயிற்றில் அங்கங்கே தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதும் ஸ்கேன், எடுக்காத ஸ்கேனுக்குச் சமம்.

படுக்க வைக்கும் பக்கம் இங்கே தலைகீழாகிறது. எக்ஸ்ரேக்கு பைலோரஸில் காற்று வேண்டும். ஸ்கேனுக்கு அங்கே திரவம் வேண்டும், ஏனெனில் காற்றின் வழியே ஒலி போகாது. இடது பக்கம் கீழே படுத்த நாயின் வலப்புறம் மேலே இருப்பதால் ப்ரோப் வைக்க வசதிதான். ஆனால் காற்றும் அங்கேதான் ஏறியிருக்கும். பைலோரஸைப் பார்க்க நாயை வலது பக்கம் கீழே படுக்க வைத்து, மேசையின் ஓரத்தில் கீழிருந்து மேலாக ப்ரோபை வையுங்கள். நடுவில் வெட்டிய ஸ்கேன் மேசை இருந்தால் இன்னும் எளிது. அதுவும் முடியாவிட்டால் நாயை நிற்க வைத்து அடிவயிற்றிலிருந்து பாருங்கள். திரவம் தானாக இறங்கிவரும்.

அடைப்பில் தேடுவது, ஒரு பளிச்சென்ற வளைகோடும் அதன் பின்னால் சுத்தமான கறுப்பு நிழலும். அதற்கு முன்புள்ள குடல் திரவத்தால் பெருத்தும், பின்புள்ளது காலியாகவும் இருந்தால் சந்தேகம் வேண்டாம். நாயின் நடுச்சிறுகுடல் 1.5 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தால், பொருள் கண்ணில் படாவிட்டாலும் தேடலை நிறுத்தாதீர்கள். நூல் என்றால் குடலின் நடுவே ஒரு பளிச்சென்ற கோடு, அதைச் சுற்றிக் குடல்சுவர் பாவாடை நாடாவில் கோர்த்த துணிபோல் சுருங்கியிருக்கும். மலத்தின் நிழலையும் காற்றின் நிழலையும் பொருள் என்று எண்ணிவிடுவது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. காற்றின் நிழல் சாம்பல் கலந்து அழுக்காக இருக்கும், பொருளின் நிழல் வெட்டியதுபோல் கறுப்பாக இருக்கும்.

ஸ்கேனின் இன்னொரு பலம் எக்ஸ்ரேக்குக் கிடையாது. குடல் ஓட்டையாகி வயிற்றில் கொஞ்சம் திரவம் சேர்ந்திருந்தாலும் தெரியும். அதை அப்போதே 22 கேஜ் ஊசியால் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். சிதைந்த வெள்ளணுக்களுக்குள் பாக்டீரியா தெரிந்தால், மேற்கொண்டு எந்தப் படமும் தேவையில்லை, ஆபரேஷன்தான்.

பேரியம்: கடைசியில், சரியான அளவில்

ஸ்கேன் இல்லாத ஊரில், எக்ஸ்ரேயும் தெளிவாகச் சொல்லாதபோது பேரியம் உதவும். பெரும்பாலும் அது தோற்பது அளவு போதாததால்தான். 5 மில்லியை சிரிஞ்சில் எடுத்து வாயோரம் விட்டுவிட்டுப் படம் எடுத்தால் குடல் சுவரில் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதுதான் தெரியும். 30 சதவீதக் கரைசல் கிலோவுக்கு 8 முதல் 12 மில்லி வேண்டும், பெரிய நாய்க்குக் குறைந்த அளவு, சிறியதற்கு அதிக அளவு. 20 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 200 மில்லி. கடையில் கிடைப்பது இதைவிட மிக அடர்த்தி, தண்ணீர் கலக்க வேண்டும். இரைப்பைக் குழாய் வழியாகக் கொடுப்பதே பாதுகாப்பு. குழாயின் முனை இரைப்பையில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே ஊற்றுங்கள். நுரையீரலுக்குள் போன பேரியம் உயிரை வாங்கும்.

கொடுப்பதற்கு முன் ஒரு சாதாரணப் படம், கொடுத்தவுடன், 15 நிமிடத்தில், 30-இல், 60-இல், பிறகு மணிக்கொரு முறை, பெருங்குடலை எட்டும் வரை. அதாவது குறைந்தது மூன்று நான்கு மணி நேரமும் பல எக்ஸ்போஷர்களும். இதற்கிடையில் மயக்க மருந்து கொடுத்திருந்தால் பேரியம் மெதுவாக நகர்வது அடைப்பாலா, மருந்தாலா என்று சொல்ல முடியாது. ஓட்டை சந்தேகம் இருந்தால் பேரியம் கூடவே கூடாது. வயிற்றுக்குள் கசிந்தால் கடும் அழற்சியை உண்டாக்கும். அங்கே பேரியத்துக்குப் பதில், அயோடின் கலந்த அயோஹெக்சால் மருந்தைத் தண்ணீரில் கலந்து கிலோவுக்கு 10 மில்லி கொடுக்கலாம். விலை கூடுதல், ஆனால் வேகமாக நகரும். இன்னொன்று: பேரியம் போன வயிற்றில் அன்றைக்கு நல்ல ஸ்கேன் கிடைக்காது, எண்டோஸ்கோப்பிலும் (வாய் வழியே விடும் கேமரா குழாய்) கண் தெரியாது. ஸ்கேன் செய்யும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

பேரியத்துக்குப் போகும் முன் ஒரு மலிவான வழியைச் செய்து பாருங்கள். பெருத்துத் தெரியும் வளையம் சிறுகுடலா பெருங்குடலா என்பதுதான் சந்தேகம் என்றால், ஆசனவாய் வழியே மென்மையான ரப்பர் குழாய் விட்டு, கிலோவுக்கு 1 முதல் 3 மில்லி காற்றை மெதுவாகச் செலுத்தி உடனே ஒருக்களித்துப் படம் எடுங்கள். பெருங்குடல் முழுதும் காற்றால் நிரம்பித் தன் பாதையைக் காட்டிவிடும். சந்தேக வளையம் அதற்கு வெளியே நின்றால் அது சிறுகுடல். ஐந்து நிமிட வேலை.

சி.டி. யாருக்கு

சி.டி. இந்த நோயில் மிகத் தெளிவான படம் தரும், எந்தப் பொருள் எங்கே என்று நொடியில் சொல்லும். புதிய இயந்திரங்களில் லேசான மயக்கத்தில், குப்புறப் படுக்க வைத்தே முடித்துவிடலாம். ஆனால் இயந்திரம் பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. செலவும் பயணமும் சேரும். வாந்தியும் நீர்ச்சத்து இழப்புமாகத் துவண்ட நாயை மூன்று மணி நேரம் வண்டியில் அனுப்புவதைவிட, மூன்று நிலை எக்ஸ்ரேயும் நல்ல ஸ்கேனும் உள்ளூரிலேயே பெரும்பாலும் பதில் தரும். மிகப் பருமனான நாய், ஏற்கெனவே பலமுறை வயிறு திறந்த நாய், அடைப்போடு கட்டியும் இருக்கலாம் என்ற சந்தேகம், இவற்றுக்கு சி.டி.யை ஒதுக்குங்கள்.

கையில் இருப்பதை வைத்து

எக்ஸ்ரே மட்டும் உள்ள கிளினிக்: மூன்று நிலைகள், தேவைப்பட்டால் பெருங்குடலுக்குக் காற்று. நாய் நிலையாக இருந்தால் சிரை வழித் திரவம் கொடுத்து வைத்து 12 முதல் 24 மணி நேரத்தில் அதே மூன்று நிலைகளை மறுபடியும் எடுங்கள். அதே இடத்தில் அதே வளையம் அப்படியே நின்றால் அறுவைக்குப் போக அது போதும். வலி கூடினாலோ, நாடி வேகமெடுத்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் மட்டும் உள்ள இடத்தில் பூனையும் சிறிய நாயும் பெரும்பாலும் பிரச்சினையில்லை. எலும்பு தின்ற வரலாறு இருந்தால் மார்பு எக்ஸ்ரேக்கு எழுதிக்கொடுங்கள். இரண்டும் இருந்தால் எக்ஸ்ரே முதலில், சந்தேகம் தீராவிட்டால் உடனே ஸ்கேன். பொருள் இன்னும் இரைப்பையில்தான் இருக்கிறது, மழமழப்பானது என்றால், கத்தியை எடுக்கும் முன் எண்டோஸ்கோப் வசதியுள்ள இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வேறு ஊருக்கு அனுப்பும்போது படத்தோடு, எந்தப் பக்கம் கீழே வைத்து, எத்தனை மணிக்கு, என்ன மயக்க மருந்துக்குப் பிறகு எடுத்தது என்று எழுதி அனுப்புங்கள். அறுவை மேசையில் ஏற்றும் முன், கடைசிப் படம் எடுத்துச் சில மணி நேரம் ஆகியிருந்தால் ஒருமுறை மறுபடி எடுத்துவிடுங்கள். காலையில் சிறுகுடலில் நின்ற பொருள் மாலைக்குள் பெருங்குடலுக்கு இறங்கியிருக்கலாம். அங்கே போய்விட்டால் பெரும்பாலும் வயிற்றைத் திறக்கவே வேண்டியதில்லை.